கம்பி இல்லாமல் போட்ட தளம்: ஏம்ஸ்பரியின் கிராஃபீன் கான்கிரீட்

"சார், இனிமே கம்பியே வேண்டாமாம்ல? ஏதோ கரித்தூளைக் கலந்தா போதுமாம்."

பக்கத்து மனையில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் மேஸ்திரி போனை நீட்டினார். அரை நிமிட வீடியோ. லாரியிலிருந்து கான்கிரீட் இறங்குகிறது, நான்கு பேர் பரப்புகிறார்கள், தரையில் ஒரு கம்பிகூடக் கண்ணில் படவில்லை. கீழே ஓடிய எழுத்தில் கிராஃபீன் (ஓர் அணு கனமே உள்ள கார்பன் தகடு), உலகத்திலேயே முதல்முறை, 30% மிச்சம் என்றெல்லாம் வந்தது. மேஸ்திரி கேலிக்குக் கேட்கவில்லை. கம்பி விலையைத் தினமும் பார்ப்பவர், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அவருக்கு அன்று சொன்ன பதில் அவசரத்தில் சொன்னது. கான்கிரீட் சோதனைக் கூடத்தில் பல வருடம் வலு பார்க்க கான்கிரீட் க்யூப் உடைத்தவன் என்ற முறையில், அதை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

வீடியோவில் இருந்த தளம் இங்கிலாந்தில் போடப்பட்டது. வில்ட்ஷயரில் ஏம்ஸ்பரி என்று ஒரு சிறிய ஊர். ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டம் அங்கிருந்து மூன்று கிலோமீட்டர். 2021 மே மாதம் அங்கே சதர்ன் குவார்ட்டர் என்ற புதிய உடற்பயிற்சிக் கூடத்துக்குத் தரை போட்டார்கள். மே 6-ஆம் தேதி அஸ்திவாரப் பகுதி, மே 25-ஆம் தேதி மீதி 234 சதுர மீட்டர். நம் கணக்கில் ஏறக்குறைய 2,500 சதுர அடி. வேலை எடுத்தது நேஷன்வைட் இன்ஜினியரிங் என்ற கட்டுமான நிறுவனம். கலவையை அவர்களோடு சேர்ந்து உருவாக்கியது மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் கிராஃபீன் பொறியியல் புத்தாக்க மையம். கிராஃபீனை 2004-இல் பிரித்தெடுத்துக் காட்டி 2010-இல் நோபல் பரிசு வாங்கிய ஆந்த்ரே கெய்மும் கோஸ்த்யா நோவோசெலோவும் வேலை பார்த்த அதே பல்கலைக்கழகம். கலவைக்கு அவர்கள் வைத்த பெயர் 'கான்கிரீட்டீன்'.

அவர்கள் வெளியிட்ட செய்தியின் சாரம் இது: கிராஃபீன் சேர்த்தது 0.1 சதவீதத்துக்கும் குறைவு. வழக்கமான ஆர்சி30 கான்கிரீட்டைவிட (30 மெகாபாஸ்கல் அழுத்த வலு தரும் ரகம்) வலு ஏறத்தாழ 30% கூடுதல். அதனால் பொருளில் 30% குறைத்தோம், கம்பியை முழுவதுமாக எடுத்துவிட்டோம், வாடிக்கையாளருக்கு 10 முதல் 20% வரை மிச்சம்.

இந்த வரிகளில் எது பெரிய சாதனை என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் கம்பியைச் சொல்வார்கள். என் கணிப்பில் பெரிய சாதனை அந்தப் பட்டியலிலேயே இல்லை. செய்தியின் நடுவில் சத்தமில்லாமல் வேறொரு வாக்கியம் இருந்தது: இதை வழக்கமான கான்கிரீட் போலவே கலக்கலாம், போடலாம், புது இயந்திரமோ தனிப் பயிற்சியோ தேவையில்லை. அந்த ஒரு வரியை எட்ட ஆய்வாளர்களுக்கு ஏறக்குறைய இருபது வருடம் ஆகியிருக்கிறது.

175 கிராம் கரி

ஒரு கன மீட்டர் கான்கிரீட்டில் 350 கிலோ சிமென்ட் என்று வைத்துக்கொள்வோம். அதில் 0.05% கிராஃபீன் என்றால் 175 கிராம். அதே ஒரு கன மீட்டர் தளத்தில் நாம் வழக்கமாகக் கட்டும் கம்பி 70, 80 கிலோ. எண்பது கிலோ இரும்பு செய்யும் வேலையை 175 கிராம் கரி எப்படிச் செய்யும்?

செய்யாது. அது செய்வது வேறு வேலை. இந்த இடத்தில்தான் 'வலுவூட்டல்' என்ற சொல் நம்மை வழி தவற வைக்கிறது. கம்பிக்கும் அதே சொல், நானோ கரிக்கும் அதே சொல். இரண்டுக்கும் உள்ள தூரம் பெரிது.

சிமென்ட் தண்ணீரோடு சேர்ந்தால் கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட் என்ற பசை உருவாகிறது. சோதனைக் கூடத்தில் சி-எஸ்-எச் என்று சுருக்கிச் சொல்வோம். கான்கிரீட்டின் பலம் முழுக்க இந்தப் பசையில்தான். அது எங்கே படியத் தொடங்குகிறது என்பது முக்கியம். சாதாரணக் கலவையில் சிமென்ட் துகளின் மேலேயே படியும். துகளைச் சுற்றி ஓடு மாதிரி கட்டிக்கொண்டு, உள்ளே இருக்கும் சிமென்டுக்குத் தண்ணீர் போகவிடாமல் தானே தடுத்தும்விடும். துகளுக்கும் துகளுக்கும் நடுவே இருக்கும் தண்ணீர் நின்ற இடம் பிறகு நுண்துளையாக மிஞ்சும்.

பனங்கற்கண்டு செய்பவர்கள் காய்ச்சிய பாகுக்குள் நூல் கட்டி விடுவார்கள். கற்கண்டு அந்த நூலைப் பிடித்துக்கொண்டுதான் வளரும். நூல் இல்லாவிட்டால் பானையின் சுவரில் ஒட்டும். கிராஃபீன் தகடும், அந்தத் தகட்டைச் சுருட்டியது போன்ற கார்பன் நானோகுழாயும் கலவைக்குள் அந்த நூலின் வேலையைச் செய்கின்றன. துகள்களுக்கு நடுவே இருக்கும் வெற்றிடத்திலும் பசை படிய ஓர் இடம் கிடைக்கிறது. துளை குறைகிறது, நீர் புகுவது குறைகிறது, அதே சிமென்டிலிருந்து கூடுதல் பலன் கிடைக்கிறது. மான்செஸ்டர்காரர்களும் இதைத்தான் சொன்னார்கள்: கிராஃபீன் ஓரளவு இயந்திரத் தாங்கலாகவும், முதல் கட்ட நீரேற்ற வினைக்கு ஊக்கப் பரப்பாகவும் வேலை செய்கிறது என்று. இரண்டாவது பாதியை யாரும் பகிரவில்லை. வினையூக்கியைவிடக் கம்பிக்குப் போட்டி என்பது காதுக்கு இனிக்கிறது.

பரப்பு எவ்வளவு என்று ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் ஆச்சரியம் வரும். ஒற்றை அடுக்குக் கிராஃபீனின் பரப்பு, கொள்கை அளவில், கிராமுக்கு 2,630 சதுர மீட்டர். 175 கிராமுக்கு 4,60,000 சதுர மீட்டர், அதாவது 113 ஏக்கர். கூடவே இருக்கும் 350 கிலோ சிமென்ட் அத்தனையையும் சேர்த்தாலும் (கிலோவுக்கு 350 சதுர மீட்டர் வீதம்) 30 ஏக்கர்தான். 175 கிராம் கரி, ஏழு மூட்டை சிமென்டைப் போல் நாலு மடங்கு நிலத்தைக் கொண்டு வருகிறது.

ஆனால் அதெல்லாம் தகடுகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து நின்றால். சந்தையில் கிலோக் கணக்கில் கிடைப்பது பெரும்பாலும் பல அடுக்குகள் ஒட்டிய தகடு. பத்து அடுக்கு ஒட்டியிருந்தால் 113 ஏக்கர் 11 ஏக்கராகச் சுருங்கிவிடும். அந்தத் தகடுகளும் தண்ணீரில் விழுந்ததும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு உருண்டை கட்டினால் சொச்சமும் போச்சு. மிஞ்சுவது கான்கிரீட்டுக்குள் ஒரு மென்மையான கரிக் கட்டி. அது வலுவைக் கூட்டாது. விரிசல் தொடங்க நல்ல இடமாகிவிடும்.

கண்ணாடிக் குடுவையில் பார்த்தது

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டதைவிடப் பார்த்துத் தெரிந்துகொண்டது அதிகம். ஒரு பொறியியல் கல்லூரியின் கூடத்தில் மாணவர்களுக்கு உதவப் போயிருந்தபோது கிராஃபீன் ஆக்சைடு (ஆக்சிஜன் ஏறிய கிராஃபீன்) வந்திருந்தது. ஆக்சைடு வகை தண்ணீரில் நன்றாகக் கரைந்தது போலவே நிற்கும், அதனால் எல்லோருக்கும் அதில் நம்பிக்கை. குடுவையில் கடுங்காப்பி நிறத்தில் தெளிவாக இருந்தது. இரண்டு நாள் வைத்தும் அடியில் ஒன்றும் இறங்கவில்லை. பிள்ளைகளுக்குச் சந்தோஷம். அதை அப்படியே மிக்சரில் ஊற்றி க்யூப் போட்டார்கள். ஏழாம் நாள் உடைத்தபோது சாதாரணக் கலவைக்கும் இதற்கும் சொல்லிக்கொள்கிற வித்தியாசம் இல்லை. ஒரு க்யூப் குறைவாகவே வந்தது.

மறுநாள் அதே கரைசலில் கொஞ்சம் எடுத்து, தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். நாலாவது சொட்டோ ஐந்தாவது சொட்டோ, காப்பி திரிந்துபோன மாதிரி ஆனது. பழுப்புச் செதில்கள் மிதந்தன, பத்து நிமிடத்தில் அடியில் படிந்து மேலே வெறும் தண்ணீர் நின்றது. சிமென்ட் கலவையின் தண்ணீர் என்பது சுண்ணாம்புத் தண்ணீரேதான். காரத்தன்மை (pH) 12.5-க்கு மேல், கால்சியம் அயனி நிறைய. ஆக்சைடு தகட்டின் ஓரத்தில் இருக்கும் அமிலக் கொத்துகளைக் கால்சியம் பிடித்து ஒரு தகட்டை இன்னொரு தகட்டோடு கோத்துவிடுகிறது. இரண்டு நாள் நின்ற கரைசல் மிக்சருக்குள் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. பிறகு இன்னொரு குடுவையில் முதலில் பாலிகார்பாக்சிலேட் வகை சூப்பர்பிளாஸ்டிசைசரை (தண்ணீர் கூட்டாமல் கலவையை இளக்கும் அட்மிக்ஸர், அதாவது சேர்மானத் திரவம்) கலந்துவிட்டு அதே சுண்ணாம்புத் தண்ணீரை விட்டோம். திரியவில்லை. அந்த அட்மிக்ஸரின் நீண்ட கிளைகள் தகடுகளைத் தள்ளியே வைத்திருந்தன.

கேழ்வரகுக் கூழ் கிண்டுகிறவர்களுக்கு இது தெரிந்த பாடம். மாவைக் கொதிக்கும் தண்ணீரில் கொட்டினால் கட்டி தட்டும், முன்கூட்டியே குளிர்ந்த நீரில் கரைத்து ஊற்றினால் தட்டாது. எதை, எந்த வரிசையில், எதோடு சேர்த்து ஊற்றுகிறோம் என்பதில்தான் இருக்கிறது எல்லாம்.

கார்பன் நானோகுழாய்க்கு இந்தத் தொல்லை இன்னும் மோசம். சுமியோ இய்ஜிமா 1991-இல் அதைப் பற்றி எழுதிய பிறகு உலகம் முழுக்க ஒரு வேகம் வந்தது. விறைப்பைக் காட்டும் நெகிழ்வுக் குணகம் ஒரு டெரா பாஸ்கல் என்ற அளவில், எஃகைப் போல் ஐந்து மடங்கு. இதைச் சிமென்டில் போட்டால் என்ன ஆகும் என்று யாருக்குத்தான் தோன்றாது? போட்டார்கள். குழாய்கள் நூல்கண்டு மாதிரி சிக்கிக்கொண்டன. 2005-இல் சீனாவில் அமிலத்தில் பதப்படுத்திய குழாய்களை 0.5% சேர்த்து அழுத்த வலுவில் 19 சதவீதமும் வளைவு வலுவில் 25 சதவீதமும் ஏற்றம் காட்டினார்கள். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சுரேந்திர ஷாவின் குழு 2010-ஐ ஒட்டி வேறு வழியில் போனது. குழாயைப்போல் நாலு மடங்கு எடையில் பரப்பிழுவிசையைக் குறைக்கும் சோப்பு மாதிரியான பொருளைச் சேர்த்து மீயொலி அலையால் பிரித்தார்கள். அப்போது 0.1 சதவீதத்துக்கும் குறைவான குழாயே போதும் என்று தெரிந்தது. அளவைக் கூட்டுவதில் பலனில்லை, பிரிப்பதில்தான் பலன் என்று அன்றே தெளிவாகிவிட்டது.

எண்களைப் பார்த்தால் தலை சுற்றும். 2013-இல் சீனாவிலிருந்து வந்த ஓர் ஆய்வில் 0.03% கிராஃபீன் ஆக்சைடுக்கு இழுவிசை வலு 78.6% ஏறியது, அழுத்த வலு 38.9%. 2018-இல் இங்கிலாந்தின் எக்சிட்டர் பல்கலைக்கழகத்தில் மோனிகா கிராசியுன் குழு, தண்ணீரிலேயே பிரித்தெடுத்த கிராஃபீனைக் கலந்து அழுத்த வலுவில் 146% வரை, வளைவு வலுவில் 79.5% வரை ஏற்றம் கண்டது. நீர் ஊடுருவலும் பெருமளவு குறைந்தது. இவை பொய்யில்லை. ஆனால் கூடத்தில் ஒரு லிட்டர் தண்ணீரை மீயொலிக் கம்பியின் கீழ் அரை மணி வைக்கலாம். ஆறு கன மீட்டர் ரெடிமிக்ஸ் லாரிக்கு ஆயிரம் லிட்டர் தண்ணீர் வேண்டும், பிளாண்ட்டில் ஒரு லோடுக்குக் கிடைப்பது சில நிமிடம்.

அதனால்தான் ஏம்ஸ்பரியை நான் மதிக்கிறேன். பிரித்து, திரியாமல் நிலைநிறுத்திய ஒரு திரவமாக அதைப் பிளாண்ட்டுக்கே கொண்டுபோய், வழக்கமான அட்மிக்ஸர் ஊற்றும் இடத்திலேயே ஊற்றும்படி செய்தார்கள். லாரி ஓட்டுநருக்கும் தரை தேய்ப்பவருக்கும் எந்த வித்தியாசமும் தெரிய வேண்டியதில்லை. அழுத்த வலு 30% ஏற்றம் என்பது எக்சிட்டரின் 146-க்குப் பக்கத்தில் சின்னதாகத் தெரியும். லாரியில் வந்த 30% எனக்குக் கூடத்தின் 146-ஐ விடப் பெரிது.

கம்பிக் கணக்கு

இனி மேஸ்திரியின் கேள்வி.

கம்பி எடுத்தார்கள் என்பது உண்மை. எந்தத் தளத்தில் எடுத்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். ஏம்ஸ்பரியில் போட்டது மண்மேல் படுத்திருக்கும் தரை. அடியிலிருந்து பூமி தாங்குகிறது. இப்படிப்பட்ட தரையில் கம்பி வலையின் முக்கிய வேலை, கான்கிரீட் காய்ந்து சுருங்கும்போது வரும் விரிசலை அகலவிடாமல் பிடித்துவைப்பது. பாரத்தைத் தாங்குவது கான்கிரீட்டும் மண்ணும். நம் நாட்டிலேயே இந்திய சாலைகள் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 58 விதிப்படி போடும் கான்கிரீட் நெடுஞ்சாலைகளில் பலகைக்குள் கம்பி வலை கிடையாது. சுமார் நாலரை மீட்டருக்கு ஒரு வெட்டு போட்டு, வெட்டு விழும் இடத்தில் மட்டும் பலகைகளைக் கோக்கும் டோவல் கம்பியும் டை கம்பியும் வைப்பார்கள். நாற்பது, ஐம்பது டன் வண்டிகள் அதன் மேல்தான் ஓடுகின்றன. மண்மேல் கிடக்கும் தரையில் கம்பியைத் தவிர்ப்பது கிராஃபீனுக்கு முன்பே நமக்குத் தெரிந்த வித்தை. கிராஃபீன் செய்வது, சுருக்க விரிசலின் தொடக்கத்தைத் தள்ளிப்போட்டு அந்த முடிவை எடுப்பவருக்குக் கூடுதல் தைரியம் கொடுப்பது.

வீட்டுக் கூரை வேறு. நாலு பக்கம் பீமில் உட்கார்ந்து நடுவில் தொங்குகிறது. அடிப்பகுதி முழுக்க இழுவிசையில் இருக்கிறது. கான்கிரீட்டின் இழுவை வலு அழுத்த வலுவில் பத்தில் ஒரு பங்குதான், கிராஃபீன் அதை எவ்வளவு ஏற்றினாலும் அது உடையும்போது சொல்லாமல் உடையும். கம்பி மட்டும்தான் நீண்டு கொடுக்கும், விரிசலைக் காட்டி எச்சரிக்கும், ஆட்கள் வெளியே ஓட நேரம் கொடுக்கும்.

இதை அளவால் பார்த்தால் இன்னும் தெளிவு. நானோகுழாயின் நீளம் சில மைக்ரான், மிஞ்சினால் சில பத்து மைக்ரான். கிராஃபீன் தகட்டின் அகலமும் அதே கணக்குதான். நம் கண்ணுக்குத் தெரிகிற விரிசலின் அகலம் 0.1 மில்லிமீட்டர், அதாவது 100 மைக்ரான். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456 பொதுவாக அனுமதிக்கும் 0.3 மில்லிமீட்டர் விரிசல் 300 மைக்ரான். விரிசல் கண்ணில் படுவதற்குள் அது நானோகுழாயின் முழு நீளத்தையும் தாண்டிவிட்டது. முப்பது மைக்ரான் கயிற்றால் முந்நூறு மைக்ரான் ஓடைக்குப் பாலம் கட்ட முடியாது. நானோ கரி விரிசல் கருவாக இருக்கும்போது பிடிக்கிறது; வளர்ந்த விரிசலைப் பிடிக்கக் கம்பி வேண்டும், குறைந்தது பாலிப்ரோப்பிலீன் அல்லது எஃகு நாராவது வேண்டும்.

அந்த '30% பொருள் மிச்சம்' என்பதையும் பென்சில் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். அழுத்த வலு 30 மெகாபாஸ்கலிலிருந்து 39 ஆகிறது. ஐ.எஸ். 456 சூத்திரப்படி வளைவு வலு அழுத்த வலுவின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது: 3.83-லிருந்து 4.37, ஏற்றம் 14% மட்டும். தரைப் பலகையில் வரும் வளைவுத் தகைவு கனத்தின் வர்க்கத்துக்கு எதிர் விகிதம் என்று வைத்தால், 150 மில்லிமீட்டர் தரையை 140-ஆக இறக்கலாம். ஏழு சதவீதம் மிச்சம். கிராஃபீன் வளைவு வலுவை இந்தச் சூத்திரத்துக்கு மேலேயே ஏற்றும் என்பதைச் சேர்த்து, எக்சிட்டரின் உச்ச அளவான 79.5 சதவீதத்தையே எடுத்துக்கொண்டாலும் 150 என்பது 112 ஆகும். மிச்சம் 25%. முப்பதை எட்டித் தரை 105 மில்லிமீட்டரில் நிற்க வேண்டுமானால் வளைவு வலு இரண்டு மடங்காக வேண்டும்.

அவர்கள் எண் தவறு என்று நான் சொல்லவில்லை. என் வாசிப்பு இது: மிச்சத்தில் ஒரு பங்கு கிராஃபீனுடையது, இன்னொரு பங்கு வடிவமைத்தவருடையது. மண்ணின் தாங்குதிறன், வரப்போகும் பாரம், வெட்டுகளின் இடைவெளி ஆகியவற்றைப் புதிதாகக் கணக்குப் பார்த்து உட்கார்ந்தாலே பழைய பழக்கத்தில் போடும் கனத்தில் கொஞ்சம் குறையும். அதுவும் நல்ல வேலைதான். ஆனால் அதே தூளை வாங்கி நம் தரையில் கொட்டினால் 30% தானாகக் குறைந்துவிடாது.

பிறகு

ஏம்ஸ்பரிக்குப் பிறகு, 2021 அக்டோபரில் மான்செஸ்டரில் மேஃபீல்ட் டிப்போ என்ற பழைய ரயில் நிலையக் கட்டடத்தில், 54 மீட்டருக்கு 14 மீட்டர் இடைத்தளம் ஒன்றுக்குக் கான்கிரீட்டீன் போட்டார்கள். சக்கரக் காலணி மாட்டி ஆடும் தளம் அது. வணிகப் பயன்பாட்டுக்கு அதை முதல் படி என்றார்கள். ஏம்ஸ்பரியைப் போல மண்மேல் படுத்த தரையாக இல்லாததால், எனக்கு இது முதலாவதைவிட ஆர்வமான வழக்கு. 2022-இல் பிரிட்டனின் ஹெச்.எஸ். 2 அதிவேக ரயில் திட்டமும் கம்பிக்குப் பதில் கிராஃபீன் சேர்த்து முப்பரிமாண அச்சில் கான்கிரீட் துண்டுகள் வார்த்துப் பார்க்கப் போவதாக அறிவித்தது.

கிராஃபீன் எங்கிருந்து வரும், என்ன விலைக்கு என்பது தனிக் கதை. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டூரின் குழு 2020-இல் குப்பை, நிலக்கரி, பழத்தோல் என்று கார்பன் உள்ள எதையும் மின்சாரத்தை ஒரு நொடிக்குள் பாய்ச்சி கிராஃபீனாக மாற்றும் முறையை வெளியிட்டது. பழைய டயரிலிருந்தும் எடுத்து சிமென்டில் சேர்த்துப் பார்த்தார்கள். அந்தக் கிராஃபீனில் அடுக்குகள் ஒன்றன் மேல் ஒன்று சரியாகப் பொருந்தாமல் கோணலாக இருக்கும், அதனால் பிரிப்பது சுலபம். நான் குடுவையில் பட்ட பாட்டுக்கு அது மருந்தாகலாம்.

இத்தனை பாடும் எதற்கு என்றால் சிமென்டுக்காக. உலகம் வருடத்துக்கு ஏறத்தாழ 400 கோடி டன் சிமென்ட் செய்கிறது. மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் 7, 8 சதவீதம் அதன் கணக்கில் விழுகிறது. சூளைக்கு என்ன எரிபொருளை மாற்றினாலும் சுண்ணாம்புக்கல் உடையும்போதே ஒரு டன் கிளிங்கருக்கு (அரைத்தால் சிமென்ட் ஆகும் சூளைக் கட்டி) அரை டன் வாயு போய்விடும். ஆகவே சிமென்டையே குறைவாகப் போட வேண்டும். அந்தக் காரணத்துக்காகத்தான் இந்தத் தூளின் மேல் எனக்கு உண்மையான ஆசை. கம்பியை ஒழிக்கும் என்பதற்காக அல்ல, ஒரு கன மீட்டரில் 350 கிலோவை 300 ஆக்க உதவுமா என்பதற்காக. அதற்கு ஃபிளை ஆஷும் (அனல்மின் நிலையச் சாம்பல்) ஸ்லாக்கும் (இரும்பு உலைக் கசடு) ஏற்கெனவே நம் கையில் இருக்கின்றன. அவற்றின் ஆரம்பகால வலு மெதுவாக ஏறும் என்பதுதான் சைட்டில் எல்லோரும் சொல்லும் குறை. விதைப் பரப்பாக வேலை செய்யும் கரி அந்தக் குறையை ஈடுகட்டினால், கம்பியை எடுப்பதைவிட அது பல மடங்கு பெரிய காரியம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு, அதைச் சின்னதாகச் சொல்லிவிட முடியாது. உலர்ந்த நானோகுழாய்த் தூள் காற்றில் பறந்தால் நுரையீரலுக்குள் ஆழமாகப் போகும். ஒரு வகைப் பலசுவர் நானோகுழாயை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2014-இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்ற 2பி பிரிவில் வைத்தது. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 2013-இல் ஒரு கன மீட்டர் காற்றில் ஒரு மைக்ரோகிராம் என்று எல்லை போட்டது. திரவமாக வருவதைத்தான் சைட்டுக்குள் விட வேண்டும். மூட்டையைப் பிரித்துக் கொட்டும் வழக்கம் இதற்கு ஆகவே ஆகாது. சிமென்ட் தூசியில் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு வேலை பார்க்கும் நம் ஆட்களை நினைத்துத்தான் சொல்கிறேன்.

மேஸ்திரியிடம் இதில் பாதியைத்தான் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்போ நம்ம தளத்துக்கு வலு ஏத்த ஒண்ணுமே இல்லையா சார்?" என்றார்.

இருக்கிறது என்று மிக்சரைக் காட்டினேன். பையன் ஒருவன் கலவை இறுகலாக இருக்கிறது என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தான். 350 கிலோ சிமென்டுக்கு இரண்டு குடம், ஒரு 35 லிட்டர் தண்ணீர் கூடுதலாகப் போனால் தண்ணீர்-சிமென்ட் விகிதம் 0.45-லிருந்து 0.55-க்குத் தாவும். வலுவில் கால் பங்கு போய்விடும். மான்செஸ்டரில் வருடக்கணக்கில் உழைத்து ஏற்றிய 30 சதவீதத்துக்கு ஏறக்குறைய சமமானதை இங்கே இரண்டு குடத்தில் இறக்கிவிடலாம்.

மேஸ்திரி அவனை நிறுத்தச் சொன்னார். பிறகு குனிந்து, கம்பிக்கு அடியில் அதைத் தூக்கிப் பிடிக்கும் கவர் பிளாக் நழுவிய இரண்டு இடங்களைத் தானே சரிசெய்தார்.